உயரமான டப்பா

இன்று காலை ஒரு டப்பாவில் ஆணி அடித்தேன். என் ரோஜாச் செடிகளுக்குத் தெளிக்கும் மருந்து வந்த டப்பா அது. மருந்து தீர்ந்துவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் செல்வி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, மூடி நல்லா இறுக்கமா இருக்கு. கழுவிட்டு நான் சீனி போட்டு வச்சிக்கிறேனே?"

நான் இழுப்பறையிலிருந்து சுத்தியலையும் ஆணியையும் எடுத்து, படிக்கட்டில் டப்பாவைக் கவிழ்த்து, அடியிலும் பக்கங்களிலும் குத்தினேன். பிறகு அலமாரியில் இருந்த நல்ல பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் ஓட்டை விழுந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது என்னம்மா பாவம் பண்ணிச்சு உங்களுக்கு?"

தகரத்தில் ஆணி இறங்கிய அந்தச் சத்தத்தில்தான் நீ நினைவுக்கு வந்தாய். செல்விக்குச் சொல்லத் தொடங்கினால் சமையல் நின்றுவிடும். அதனால் உனக்கு எழுதுகிறேன். உனக்கு எல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் நான் எங்காவது பிசகினால் உடனே திருத்தக்கூடியவள் நீ ஒருத்தி. உன் இடத்தில் இப்போது யாருமில்லை என்பதால் நானே கவனமாக எழுத வேண்டியிருக்கிறது.

நுவரெலியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் உன் கட்டிலும் என் கட்டிலும் அடுத்தடுத்து இருந்தன. நீ ஹட்டன் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவரின் மகள். நான் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகள். கட்டில் விரிப்பின் மூலையை எப்படி மடிக்க வேண்டும் என்று சிஸ்டர் காட்டியதை நான் ஒரே தடவையில் கற்றுக்கொண்டேன். நீ கடைசிவரை கற்றுக்கொள்ளவேயில்லை. பள்ளி முடிந்ததும் நீ பல்கலைக்கழகம் போனாய். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஒருவரை மணந்துகொண்டு, கொத்மலைப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் குடிபோனேன். உனக்குப் பட்டம், எனக்குத் தாலி என்று நம் வகுப்புக்காரிகள் கேலி செய்தார்கள். எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. நான் என் வீட்டை நடத்திய ஒழுங்கில் எந்தப் பேராசிரியரும் தன் துறையை நடத்தியதாக நீ சொல்லி நான் கேட்டதில்லை.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் பரவி, துரைமார் எல்லாரும் கலங்கிப் போயிருந்த காலம். எங்கிருந்துதான் வந்தார்களோ, ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தோட்டத்துக்கு வந்தார்கள். துரை பங்களா அவர்களுக்குத் திறக்காது. தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த லயத்து அறைகளில் அவர்களால் தங்க முடியாது. நடுவில் இருந்தது எங்கள் குவாட்டர்ஸ்தான். என் விருந்தினர் அறை காலியாக இருந்த மாதங்கள் குறைவு.

வந்தவர்களுக்கெல்லாம் லயத்து மக்கள் பெயர் வைத்தார்கள். கொக்கிப்புழுவைப் பற்றி ஆராய வந்த வைத்தியர், வீட்டுக்கு வீடு சின்ன டப்பா கொடுத்து, காலையில் அதில் மலம் எடுத்து வரச் சொன்னார். அவர் 'டப்பா டாக்டரு'. தேவாலயத்துப் பின்புறம் போய் வெள்ளைக்காரர்களின் கல்லறை எழுத்தைப் படியெடுத்த சரித்திரக்காரர் 'கல்லறை ஐயா'. ஒரு குடும்பம் வாரத்துக்கு எவ்வளவு பருப்பு, எவ்வளவு கருவாடு வாங்குகிறது என்று கேட்டுத் திரிந்த பொருளாதாரக்காரர் 'கறிபுளிக்காரரு'. ஒரே மலைதான், ஒரே சனங்கள்தான். ஒருவர் அவர்கள் வயிற்றைப் பார்த்தார், ஒருவர் அவர்கள் கூடையைப் பார்த்தார், இன்னொருவர் அவர்களுக்கு வேலை கொடுத்துச் செத்துப்போனவர்களைப் பார்த்தார். அவர்களில் யாரும் மற்றவர் என்ன செய்கிறார் என்று கேட்டதில்லை. என் மேசையில் சோறு பரிமாறிய எனக்குத்தான் எல்லாம் தெரியும்.

டப்பா டாக்டருக்குப் பாதி டப்பாக்கள் திரும்பி வரவில்லை. அவர் ஏன் என்று புரியாமல் தவித்தார். எனக்குத் தெரியும். மழையும் பனியும் ஓயாத அந்த மலையில் உப்பு கரையும், சீனி கட்டியாகும், தீப்பெட்டி பற்றாது. இறுக்கமான மூடியுள்ள ஒரு டப்பா லயத்து அறையில் நகைக்குச் சமம். அதில் மலம் அள்ளிக் கொடுத்துவிட யாருக்கு மனசு வரும்?

இதற்கெல்லாம் பிறகு வந்தவர்தான் இலைக்காரர். யாழ்ப்பாணத்தவர், தாவரவியல் படித்தவர். கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்துத் தூளை எந்த அளவில் கரைத்துத் தெளித்தால் இலை பிழைக்கும் என்று பார்க்க வந்தவர். மலையில் மருந்தடிக்கும் ஆட்களோடு காலையிலிருந்து நிற்பார். மாலையில் கைநிறைய இலைகளோடு வந்து என் முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வோர் இலையிலும் புள்ளிகளை எண்ணுவார். அவர் வந்து சில வாரங்களில் நீ வந்தாய். மலையகப் பெண்கள் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் சேகரித்து ஆய்வு எழுதப் போவதாகச் சொன்னாய். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் குடை, புடவைக் கரையெல்லாம் சேறு. முதலில் காலைக் கழுவு என்றேன்.

உன்னிடம் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை, நினைவிருக்கிறதா? பெயர் என்ன, எங்கே பிறந்தாய், அப்பா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று நீ கேட்டாய். அந்த ஆண்டுகளில் இதே கேள்விகளை வேறு ஆட்கள் குடியுரிமைப் பதிவுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் தவறினால் நாடே இல்லாமல் போகும் காலம்.

"என்னாங்கம்மா, பதிவுக்கா வந்திருக்கீங்க?" என்று காத்தாயி உன்னைக் கேட்டாள்.

"இல்ல, பாட்டுக்கு வந்திருக்கேன்."

"பாட்டுக்கா? அதுக்குமா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?" என்று அவள் சிரித்த சிரிப்பில்தான் லயம் உனக்குத் திறந்தது. அன்றிலிருந்து நீ 'பாட்டம்மா'. காத்தாயி கொழுந்து பறிக்கிறவள். கைக்குழந்தைக்காரி. குரல் இருந்தது அவளுக்கு. அவள் புருஷன் அங்கமுத்து, இலைக்காரரோடு மலையில் மருந்தடிக்கிறவன்.

சாப்பாட்டு மேசையில் உனக்கும் இலைக்காரருக்கும் நடந்த சண்டைகளை நான் நாடகம் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"நான் கேக்கிறனெண்டு குறை நினையாதையுங்கோ," என்று அவர் தொடங்குவார். "பாட்டை எழுதுறதுக்கு என்னத்துக்கு ஒரு பல்கலைக்கழகம்? அது ரேடியோக்காரன்ர வேலையெல்லோ?"

"புள்ளி எண்றதுக்கு மட்டும் எதுக்குங்க? ஒரு ஆட்டை விட்டா எண்ணாமலே முடிச்சிருமே."

"பிள்ளை, நான் எண்ணுறது ஒரு முடிவுக்காக. நீங்கள் என்ன எழுதுறியள்? அவ எங்க இருந்தவ, தலை வாரியிருந்தவளோ, கையிலை என்ன வைச்சிருந்தவ... உதெல்லாம் ஆராய்ச்சியே?"

"ஆமாங்க. பாட்டு வாயில மட்டும் இல்ல."

என் கணவர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டு, "ரெண்டு பேரும் கையைக் கழுவுங்க, ரசம் ஆறுது" என்பார். அவர் சுபாவம் அது. எனக்கு அன்று யார் பக்கமும் சாயத் தோன்றவில்லை. கணக்கில் நான் உன்னைவிடக் கெட்டிக்காரி என்பதால் மனம் கொஞ்சம் இலைக்காரர் பக்கம்தான் போனது.

பிறகு அது நடந்தது. தாலாட்டு நிறையச் சேர்ந்துவிட்டது, ஒப்பாரி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று நீ தவித்துக்கொண்டிருந்தாய். சாவு வீட்டில் போய் உட்கார்ந்து எழுத உனக்குக் கூச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்தாயி வீட்டில் இருந்தபோது, அவள் தாய் செத்தபோது பாடியதைப் பாடிக் காட்டச் சொன்னாய்.

"வூட்டுக்குள்ள வச்சிப் பாடக்கூடாதுங்கம்மா," என்றாளாம் அவள்.

"சும்மா நாலு வரி. எழுதிக்கிறதுக்குத்தானே?"

நீ கடைவீதியில் பிறந்தவள். உங்கள் வீட்டில் சாவு என்றால் கூலிக்கு ஆள் வந்து பாடிவிட்டுப் போகும். பிணம் இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் அது தனக்கு ஒரு பிணத்தைத் தேடிக்கொள்ளும் என்ற பயத்தை நீ கேள்விப்பட்டிருக்கவில்லை. காத்தாயியால் உனக்கு மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பாடினாள். நாலு வரி நாற்பது வரியானது. அடுத்த அறைப் பெண்கள் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

அந்த வாரமே அங்கமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலையில் விழுந்தான்.

வாந்தியும் வயிற்றோட்டமும் நிற்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் என் கணவர் தனக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்தார். ஒரு பொழுது தேறுவான், மறு பொழுது மோசமாவான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் பாதை மண் சரிந்து அடைபட்டிருந்தது. காத்தாயி நோயாளிகள் கிடக்கும் வாட்டின் படிக்கட்டில் குழந்தையோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. வேளாவேளைக்கு லயத்துக்குப் போய்க் கஞ்சி காய்ச்சி எடுத்து வருவதற்கு மட்டும்தான் நகர்ந்தாள். நீ அவளிடம் போனாய். அவள் உன்னைத் திட்டவில்லை. "நாந்தாம்மா பாடுனேன். ஏன் வாயி," என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் பிற்பகல் பெரியகங்காணி எங்கள் வாசலில் குடையை மடித்தபடி நின்றார்.

"டாக்டரம்மா, உங்க வூட்டு விருந்தாளிய நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. ஆனா லயத்துல ஒரே பேச்சா கெடக்கு. உசுரோட இருக்கிற மனுசனுக்கு ஒப்பாரி வச்சாச்சு, அவன் தப்ப மாட்டான்னு சொல்றாங்க. தொரை காதுல விழுந்தா நான் என்னா சொல்றது?"

"என்ன செய்யணும்ங்கிறீங்க?"

"அந்தம்மா பொட்டியக் கட்டட்டும். பாதை தெறந்ததும் நானே நானுஓயா டேசன் வரைக்கும் ஆள் அனுப்புறேன். இனிமே பாட்டு, கீட்டுன்னு யாரும் இந்தத் தோட்டத்துக்கு வர வேணாம்."

"என் வீட்டுக்கு வந்தவங்க எப்பப் போகணும்னு நான் சொல்லுவேன், கங்காணி ஐயா. உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"வேணாம்மா."

என் வீட்டுத் தேநீரை அவர் அதுவரை வேண்டாம் என்றதில்லை. விஷயம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கமுத்து செத்தால் காத்தாயி தன் வாயால் புருஷனைக் கொன்றவளாக அந்த லயத்தில் வாழ வேண்டும். நீ உன் ஆய்வை மட்டுமல்ல, இனி யாரிடமும் ஒரு பாட்டைக் கேட்கும் துணிச்சலையே விட்டுவிட்டுப் போவாய். உன் முகத்தைப் பார்த்தேன். நீ அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் தேநீரை மேசையில் வைத்தேன். எது நடந்தாலும் என் வீட்டில் நாலு மணித் தேநீர் நிற்காது. இலைக்காரரும் மலையிலிருந்து திரும்பியிருந்தார். கங்காணி பேசியதை அவரும் கேட்டிருந்தார். அன்று அவர் உன்னைக் கேலி செய்யவில்லை.

"என்னதான் நடந்தது? முழுக்கச் சொல்லுங்கோ," என்றார்.

நீ சொல்லத் தொடங்கினாய். காத்தாயி அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள், குழந்தையைத் தூளியில் போட்டாள், முடியை அவிழ்த்துவிட்டாள். நீ வாயைத் திறந்து முதல் வரியை எடுக்கப் போனாய்.

"பாடாதே," என்றேன். "இந்த வீட்டுக்குள்ள அது வேணாம். என் வீட்டுக்காரர் இன்னும் வாட்டுல இருந்து திரும்பல."

கன்னியாஸ்திரிகள் எனக்கு மூடநம்பிக்கை பாவம் என்று கற்பித்திருந்தார்கள். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இன்றும் சொல்வேன்.

"பாடாம எப்படிடி சொல்றது?"

"தட்டிக் காட்டு. தாளம் போட்டிருப்பாளே."

நீ மேசையில் இருந்த பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்து விரல்களால் தட்டினாய். இரண்டு மெதுவாக, ஒன்று அழுத்தமாக, பிறகு ஒரு நிறுத்தம். பாட்டு இல்லாத அந்தத் தாளம் அறையில் தனியாக நின்றது. உடனே நீயே கையை எடுத்துவிட்டாய்.

"இது இல்ல. சத்தம் தப்பு."

"எல்லா டப்பாவும் ஒரே சத்தம்தானே?" என்றேன்.

"இல்லடி. காத்தாயி தட்டினது வேற. அது உயரமான டப்பா. பாதிக்கு ஏதோ இருந்துச்சு. அடியில தட்டினா மொத்துன்னும், மேல தட்டினா கிண்ணுன்னும் வரும். அழுத்தமா தட்டினப்ப மூடி தெறிச்சு, புளிச்ச வாசம் வந்துச்சு. ஊறுகாய். எனக்குக்கூட வேணுமான்னு கேட்டா. மூடி ஓரத்துல பச்சையா படிஞ்சிருந்துச்சு, பாசி பிடிச்சிருக்குன்னு நெனச்சு நான் வேணாம்னுட்டேன்."

இலைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். டப்பாவை அவர் ஊரில் பேணி என்பார்கள்.

"எப்பிடியான பேணி? கடதாசி ஏதும் ஒட்டியிருந்ததோ?"

"கிழிச்சிருந்தாங்க. அடியில மட்டும் ஒரு நீலப் பட்டி."

"அது பாசியில்லை," என்றார் அவர். எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "என்ர பேணி. மருந்துப் பேணி. வெறும் பேணியைக் கேட்டவன், கழுவிப்போட்டு எடு எண்டு நான்தான் குடுத்தனான்."

அவர் ஓடிக்கொண்டே சொன்னது எனக்குப் பிறகுதான் முழுதாகப் புரிந்தது. எத்தனை கழுவினாலும் தகரத்தின் மடிப்புக்குள் செம்புத் தூள் மிஞ்சும். அதில் எலுமிச்சையை ஊறப் போட்டால் புளிப்பு அந்தச் செம்பைக் கரைத்துவிடும். அங்கமுத்து ஒவ்வொரு நாளும் ரொட்டிக்கு அதைத் தொட்டுக்கொண்டான். பிள்ளைக்குப் பால் கொடுத்ததால் காத்தாயி புளிப்பைத் தொடவில்லை. அவன் நோயில் விழுந்த பிறகு, வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று, கஞ்சியோடு அதே ஊறுகாயைத்தான் அவள் வாட்டுக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அதனால்தான் ஒரு பொழுது தேறி மறு பொழுது விழுந்தான்.

இலைக்காரர் குடையில்லாமல் மழையில் ஓடினார். நாம் இருவரும் பின்னால் போனோம். நாம் வாட்டுக்குள் நுழைந்தபோது அவர் அங்கமுத்துவின் கையிலிருந்த கஞ்சிக் கோப்பையைப் பறித்துக்கொண்டு நின்றார். அங்கமுத்து கண்ணைப் பாதி திறந்து அவரைப் பார்த்தான்.

"பசிச்சா கேட்டு வாங்கிக் குடிங்கய்யா," என்றான். "ஏன் புடுங்குறீங்க?"

சாகக் கிடக்கிறவன் பேசும் பேச்சல்ல அது. எனக்கு அந்த நிமிடமே பாதிப் பயம் போய்விட்டது.

என் கணவர் விஷயத்தைக் கேட்டதும் என் கோழிகளின் முட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். வெள்ளைக்கருவைப் பாலில் அடித்துக் கொடுத்தார், திரும்பத் திரும்பக் கொடுத்தார். ஊறுகாய் நின்றது, வாந்தியும் நின்றது. பிறகு ஒரு காலை, வாட்டு ஜன்னல் வழியாக அங்கமுத்துவின் குரல் வீடுவரை கேட்டது. "எத்தன நாளைக்கு இந்த முட்டத்தண்ணி? ஒரு ரொட்டி குடுங்கய்யா!" நீ அடுப்படியில் தரையில் உட்கார்ந்துவிட்டாய். அப்போதுதான் அழுதாய். நான் உன் கையில் மாவுப் பாத்திரத்தைக் கொடுத்து, அழுதுகொண்டே பிசை என்றேன்.

ஆனால் காத்தாயி தேறவில்லை. இலைக்காரர் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து செம்பு, புளிப்பு, தகரத்து மடிப்பு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். தன் மேல்தான் தவறு என்றும் சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது சரிங்கய்யா. இதே டப்பா இன்னும் எத்தனையோ வூட்டுல இருக்கு. நான் பாடுன வாரத்துல, எங்க வூட்டுல மட்டும் ஏன்?"

இலைக்காரர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் உன்னிடம் உதவி கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதுக்கு அவர்கிட்ட பதில் இல்ல, காத்தாயி. என்கிட்டயும் இல்ல," என்றாய் நீ. "தப்பா பாடுன பாட்டுக்கு மாத்து என்னான்னு சொல்லு. செஞ்சிருவோம்."

லயத்துப் பெண்கள் கூடிப் பேசினார்கள். இப்படி ஒன்று அதுவரை நடந்திருக்கவில்லை, அதனால் மாற்றும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ராக்காயி என்ற மூத்தவள் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"செத்தவனுக்குப் பாடுறத பாடியாச்சு. பொறந்தவனுக்குப் பாடுறதயும் பாடிட்டா கணக்கு நேராயிரும். தூளியக் கட்டுங்கடி."

ஆஸ்பத்திரி வராந்தா விட்டத்தில் காத்தாயியின் கல்யாணச் சேலையால் தூளி கட்டினார்கள். அங்கமுத்துவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றியில் மைப் பொட்டு இட்டு, அதில் உட்கார வைத்தார்கள். கால் இரண்டும் தரையில் கிடந்தன. மீசையோடு அவன் அதற்குள் இருந்த கோலத்தைப் பார்க்க முடியாமல் என் கணவர் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஆட்டுறது யாரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"டப்பா குடுத்தவரு ஆட்டட்டும்," என்றாள் ராக்காயி.

இலைக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். காத்தாயிக்கு முதலில் குரல் வரவில்லை. மற்றப் பெண்கள் தொடங்கினார்கள், அங்கேயே கட்டிக்கட்டிப் பாடினார்கள்.

"மலையேறி மருந்தடிச்ச
மகராசா கண்ணுறங்கு,
ஊறுகா கேக்காத
உத்தமனே கண்ணுறங்கு..."

"இனிமே சத்தியமா கேக்க மாட்டேன், எறக்கி விடுங்கடி!" என்று தூளிக்குள்ளிருந்து கத்தினான் அங்கமுத்து. அவன் கத்தியதும் காத்தாயி சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை பாட்டாகி, அடுத்த வரியை அவள்தான் எடுத்தாள். பெரியகங்காணி வராந்தாவின் ஓரத்தில் நின்று கேட்டார். முடிந்ததும் என் பக்கம் வந்து, "டாக்டரம்மா, அன்னைக்கு ஒரு தேத்தண்ணி பாக்கி," என்றார். நீ போக வேண்டும் என்ற பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த நாளிலிருந்து இலைக்காரர் லயம் லயமாகப் போய் மருந்து டப்பாக்களைத் திருப்பிக் கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. பதிலுக்கு வேறு டப்பா கொடுத்தால்தான் தருவார்கள் என்று நான் சொன்னேன். என் பிஸ்கட் டப்பா, மாவு டப்பா, பால்மா டப்பா எல்லாம் போயின. வாங்கி வந்தவற்றை என் படிக்கட்டில் கவிழ்த்து, இலைக்காரர் ஆணி அடித்து ஓட்டை போட்டார். மருந்து தீர்ந்தால் டப்பாவைக் குத்திவிட்டுத்தான் வெளியே போடுவது என்பது அந்தத் தோட்டத்தில் அப்படித்தான் பழக்கமானது. ஒரு டப்பாவை அவர் நேராகக் குத்தவில்லை. நான் சுத்தியலை வாங்கிச் செய்து காட்டினேன். அன்று பிடித்த சுத்தியல்தான், இன்று காலையும் பிடித்தேன்.

அவருடைய ஆய்வறிக்கையின் கடைசியில் வெறும் டப்பாக்களைப் பற்றி ஒரு பத்தி சேர்ந்தது. உன் ஆய்வேட்டில் அந்தத் தாலாட்டின் கீழே, தொட்டிலை ஆட்டியவர் ஒரு தாவரவியலாளர் என்று ஓர் அடிக்குறிப்பு வந்தது. அது அவசியமா என்று ஆய்வேட்டை மதிப்பிட்டவர் கேட்டாராம். அவசியம் என்றாயாம். பின்னாளில் நீ உன் மாணவர்களிடம், "பாட்டை மட்டும் எழுதாதீங்க, எதைத் தட்டினாங்கன்னும் எழுதுங்க," என்று ஓயாமல் சொல்வாய் என்று அவர்களே என்னிடம் சொன்னார்கள். என்னைப் பார்க்க வந்த ஒவ்வொரு விடுமுறையிலும் இலைக்காரரும் நீயும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தீர்கள். எந்தப் படிப்பு பெரியது என்று அந்த மேசையில் கடைசிவரை தீர்ப்பாகவில்லை. தீராததில் எனக்கு வருத்தமில்லை. இலையைப் பார்த்தவருக்கு அந்தத் தாளம் கேட்டிருக்கவில்லை, தாளத்தைக் கேட்டவளுக்கு அந்தப் பச்சை என்னவென்று தெரிந்திருக்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே வேளையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தவள் நான். அதை நான் அடக்கமாகச் சொல்லப் போவதில்லை.

உன் சாவுக்குக் கொழும்புக்கு வந்தேன். பளபளப்பான பெட்டி, வெள்ளைப் பூக்கள், மெல்லிய குரலில் பேச்சு. உன் மாணவர்கள் எத்தனை விதமானவர்கள்! சட்டம் படித்தவள் ஒருத்தி, கல்வெட்டுப் படிக்கிறவன் ஒருவன், மீன்களைப் பற்றி ஆராய்கிறவள்கூட ஒருத்தி. உன்னிடம் பாடம் கேட்டாளாம், ஏனென்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருக்கும். ஆனால் யாருக்கும் ஒப்பாரி தெரியவில்லை. அவ்வளவு ஒப்பாரி சேகரித்தவளுக்கு அந்தக் கூடத்தில் ஒன்றுகூட இல்லை.

எனக்குப் பாட வராது, உனக்குத் தெரியும். பெட்டியின் மூடி கால்மாட்டில் சாத்தியிருந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அதில் விரலால் தட்டினேன். இரண்டு மெதுவாக, ஒன்று அழுத்தமாக, பிறகு ஒரு நிறுத்தம். இப்போது தட்டலாம். இந்த முறை பிணம் இருந்தது, ஆள் சரியான ஆள், வயதும் நிறைந்த வயது. மாற்றிப் பாட வேண்டிய தேவையில்லை. தட்டத் தட்ட என் நெஞ்சு லேசானது.

எதிர் வரிசையில் கைத்தடியின் மேல் கன்னத்தை ஊன்றியிருந்த கிழவர் ஒருவர் தலையை நிமிர்த்தினார். கண் சரியாகத் தெரியாது போலிருந்தது. காது நன்றாக இருந்தது. எழுந்து, தடியை ஊன்றி ஊன்றி என் பக்கம் வந்து குனிந்தார்.

"சத்தம் பிழை, அம்மா," என்றார் இலைக்காரர். "அது உயரமான பேணி."